பொய் விட்டுச் சென்ற கடன்

போர் என்றதும் படையும் படைக்கலமுமே நினைவுக்கு வருதல் இயல்பு. 20-ஆம் நூற்றாண்டுப் போர்களிலோ சொல்லும் ஒரு படைக்கலமாயிற்று. எய்தவரை நோக்கியே அது பல்லாண்டு கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் பரவிய செய்தியொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துள் புகுந்தது. அங்கும் வடபிரான்சிலும் பொதுமக்கள் ஏறத்தாழ 6,000 பேர் கொல்லப்பட்டனர். லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரியுண்டது. இவை மெய்யாக நிகழ்ந்த கொடுமைகள். ஆயினும் மெய் மட்டும் போதாது எனப் பலர் கருதினர் போலும். மிகைக் கதைகளும் அதனோடு கலந்து உலவின. அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய மறைமுகப் பரப்புரை அலுவலகம், தாமஸ் ஹார்டி, எச்.ஜி. வெல்ஸ் முதலிய படைப்பாளிகளை அழைத்து உதவி நாடியது. எழுதுகோலின் வலிமையை அரசு அறிந்திருந்தது.

1917 ஏப்ரலில் பெர்லின் நாளேடொன்று, போர்முனைக்கு அருகில் 'கடாவர்'களிலிருந்து கொழுப்பெடுக்கும் ஆலையைப் பற்றி எழுதியது. ஜெர்மன் மொழியில் அச்சொல் விலங்கின் பிணத்தையே பெரிதும் குறிக்கும்; மனிதப் பிணத்திற்கு வேறு சொல் உண்டு. ஆங்கிலத்திலோ அதே வடிவுடைய சொல் மனிதப் பிணத்தைக் குறிக்கும். 'தி டைம்ஸ்', 'டெய்லி மெயில்' ஆகிய இலண்டன் ஏடுகள், ஜெர்மானியர் தம் வீரரின் உடல்களையே காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என வெளியிட்டன. செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு சொல்லின் பொருள் திரிந்தமையால் ஓர் இனமே பிணந்தின்னும் பேயாகச் சித்திரிக்கப்பட்டது.

1925 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அச்செய்தி ஆதாரமற்றது என்னும் ஜெர்மன் அரசின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். 1928-இல் ஆர்தர் பான்சன்பி போர்க்காலப் பொய்களைத் தொகுத்து நூலாக்கினார். மக்கள் விழித்துக்கொண்டனர், ஆனால் அவ்விழிப்பு ஐயமாக முற்றியது. மெய்யான பெல்ஜியக் கொடுமைகளும் பொய்யெனத் தள்ளப்பட்டன.

கடன் தீர்க்கும் நாள் இரண்டாம் உலகப்போரில் வந்தது. யூதர்கள் திட்டமிட்டுக் கொல்லப்படுவதை 1942 டிசம்பரில் நேச நாடுகள் கூட்டாக அறிவித்தன. அதன் பின்னரும் ஐயம் அகலவில்லை. 1943-இல் பிரிட்டிஷ் உளவுத்துறைக் குழுவின் தலைவர் கேவண்டிஷ் பெண்டிங்க், நச்சுவாயுக் கொலைச் செய்திகளை நம்பத் தயங்கி, முந்தைய போரின் பிணக்கொழுப்புக் கதையை நினைவூட்டி எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான நேச நாட்டு அறிக்கையிலிருந்து நச்சுவாயு அறைகள் பற்றிய குறிப்பு நீக்கப்பட்டது. 'புலி வருகிறது' என்று பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதை இங்கு நினையத்தக்கது. கதையில் பொய் சொன்னவனே அழிந்தான். வரலாற்றிலோ, யாரோ சொன்ன பொய்யின் விலையை ஒரு பாவமும் அறியாதோர் செலுத்தினர்.

இன்று கைபேசி வழியே நொடியில் செய்தி பரவுகிறது. சொல்லாத சொல்லையும் ஒருவர் குரலில் பேசவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. கேட்டதையெல்லாம் நம்புதல் பேதைமை. எதையுமே நம்பேன் என்பதும் அறிவுடைமை ஆகாது. அது கொடியோர்க்கே துணைபோகும். மூலம் எது, அதன் மொழியில் அச்சொல்லுக்கு என்ன பொருள், உரைப்பவர் பெறும் பயன் யாது என வினவுதலே குடிமக்கள் கடன்.

நம் பக்கம் அறம் உள்ளது என்பதற்காகவும் ஒரு பொய்யைப் பாடலாகாது. சொல்லின் பொருளைக் காப்பது பாவலர்க்கு அழகு மட்டுமன்று. பிறர் உயிர்காக்கும் பணியும் ஆகும்.