மடமையைச் சுமந்த சிற்றூர்கள்

ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்த பரமார்த்த குருவும் சீடர்களும் தம்மைத் தாமே எண்ணிப் பார்த்த கதையைத் தமிழர் யாவரும் அறிவர். எண்ணியவன் தன்னைச் சேர்த்து எண்ணாமையால் கணக்கில் ஒருவர் குறைந்தனர். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று எல்லாரும் கூடி அழுதனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவரையும் கோலால் அடித்து எண்ணிக் காட்டிய பின்னரே கணக்குச் சரியாயிற்று. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய இக்கதைநூல் 1822ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சேறியது.

அவ்விலண்டனுக்கு வடக்கே, நொட்டிங்காம் நகரை அடுத்துக் கோதம் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரார்மேல் ஏற்றிக் கூறப்பட்ட வேடிக்கைக் கதைகள் 16ஆம் நூற்றாண்டிலேயே நூலாகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வருமாறு: மீன் பிடிக்கச் சென்ற பன்னிருவர், திரும்புங்கால் தம்மை எண்ணிப் பார்க்கின்றனர். ஒவ்வொருவனும் தன்னை விட்டு எண்ணுகின்றான், பதினொருவரே உளர். இறந்தவனுக்காக அவர்கள் புலம்பிக்கொண்டிருக்கையில், குதிரைமீது வந்த ஒருவன் சவுக்கால் ஒவ்வொருவரையும் அடித்துப் பன்னிரண்டு வரை எண்ணி அவர்தம் துயரைத் தீர்க்கின்றான்.

இலங்கையிலும் இக்கதை உண்டு. நீர்ப்பாசனப் பகுதியில் பணியாற்றிய ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், சிங்களக் கிராமங்களில் வழங்கிய கதைகளைத் திரட்டி 1910ஆம் ஆண்டு முதலாக வெளியிட்டார். அத்தொகுதியில் கடம்பாவ என்னும் ஊரார் தம்மை எண்ணிய கதை இடம்பெற்றிருக்கின்றது. அவர்களும் தம்முள் ஒருவனைக் காணாது தவிக்கின்றனர்.

கடலாலும் மொழியாலும் பிரிந்த நாடுகளில் கதை மட்டும் ஒன்றாகவே இருக்கின்றது. தமிழ்க்கதை அம்மடமையை ஒரு குருவுக்கும் அவர் சீடர்க்கும் உரியதாக்கிற்று. மற்றைய இரண்டும் அதனை ஓர் ஊர் முழுவதற்கும் உரியதாக்கின. ஊர்விட்டு ஊர் செல்லும் கதை எந்த ஊரின் இயல்புக்கும் சான்றாகாது. அங்ஙனமாயின், ஓர் ஊர் எவ்வாறு இப்பழியைச் சுமக்க நேரிடுகின்றது? வரலாறு இதற்குக் கூறும் விடை சிந்திக்கத் தக்கது.

கிரேக்க நாட்டின் வடபால், திரேசியக் கடற்கரையில் அப்தேரா என்றோர் ஊர் இருந்தது. கி. மு. 6ஆம் நூற்றாண்டில், பாரசீகரின் படையெடுப்புக்கு அஞ்சித் தேயோஸ் நகரை விட்டுக் கலமேறிய மக்கள் அங்கே குடியேறினர். பின்னர் அவ்வூர் வாணிகத்தாற் செழித்தது. 'மனிதனே யாவற்றுக்கும் அளவுகோல்' என்ற கருத்தை முன்வைத்த புரோற்றகோரஸ் அவ்வூரில் தோன்றியவர். பொருள்கள் யாவும் பிரிக்கவொண்ணா அணுக்களால் ஆனவை என்று விளக்கிய டெமோக்கிரிற்றஸ், கி. மு. 460ஐ அடுத்து அங்கேயே பிறந்தார். ஏதென்ஸ் போன்ற மாநகரும் பெருமை கொள்ளத்தக்க இருவரை அச்சிறு துறைமுகம் உலகுக்கு அளித்தது.

ஆயினும் கிரேக்கரும் உரோமரும் அப்தேராவுக்கு வழங்கிய பட்டம் மூடர்களின் ஊர் என்பதே. உரோமச் சொல்வல்லார் சிசரோ, அரசியல் மன்றத்திற் கண்ட குழப்பத்தைக் குறிக்க அவ்வூரின் பெயரையே ஆண்டார். டெமோக்கிரிற்றஸைப் போற்றிய கவிஞர் ஜுவெனல், அத்தகைய அறிஞர் மந்தபுத்தியினர் வாழும் நாட்டிலே பிறந்தாரே என வியந்தார். பிற்காலத்தில் கிரேக்க மொழியில் தொகுக்கப்பட்ட நகைச்சுவை நூல் ஒன்றில் அப்தேராக்காரரைப் பற்றிய துணுக்குகள் தனியே இடம்பெற்றன. ஜெர்மானிய எழுத்தாளர் வீலாந்து 1774ஆம் ஆண்டு தொடங்கி அவ்வூரை வைத்து ஒரு நையாண்டி நாவலே எழுதினார். அணுக்கொள்கை கண்டவரின் ஊர் ஈராயிரம் ஆண்டுகளாக மூடத்தனத்துக்கு மறுபெயராய் நின்றது. ஒரு முறை பட்டம் சூட்டப்பட்ட பின்னர், எதிர்ச்சான்றும் விதிவிலக்காகவே கொள்ளப்படும் என்பதற்கு ஜுவெனலின் வியப்பே சான்று.

இதற்கு ஊரின் குற்றம் காரணமன்று. சொல்லும் இடமே காரணம். எழுதுவோர் பெரும்பாலும் மாநகரில் இருந்தனர். எழுதப்பட்டோர் தொலைவில் இருந்தனர். மாநகரின் கண்ணோட்டம் மொழியின் சொற்களிலேயே படிந்துள்ளது. இலத்தீன் மொழியில் நகரத்தான் என்னும் சொல் பண்பாளனையும், நாட்டுப்புறத்தான் என்னும் சொல் முரடனையும் குறிக்கலாயின. பண்ணையிற் கட்டுண்டு உழைத்த குடியானவனைச் சுட்டிய சொல்லே ஆங்கிலத்திற் கொடியவனைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்தது. தமிழும் இதற்கு விலக்கன்று. நாகரிகம் என்பது நகரத்தின் அடியாகப் பிறந்த சொல். பட்டிக்காட்டான் என்பதோ ஏச்சுமொழியாய் வழங்குவது. எனினும் வள்ளுவர் நாகரிகம் என்னும் சொல்லைக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்திலே வைத்தார். பிறர்பாற் காட்டும் இரக்கமே நாகரிகம் என்று கொண்ட அவருக்கு, அஃது எவ்வூரில் வாழ்வோர்க்கும் இயல்வதொன்றாகவே தோன்றிற்று.

கோதம் மக்கள் தமக்கு நேர்ந்த பட்டத்தை வேறு வகையாக எதிர்கொண்டனர். அவர்தம் ஊர்ப்பெயரின் பொருள் ஆடுகளின் இருப்பிடம் என்பதாகும். குயில் பறந்து போகாதவாறு வேலி கட்டியவர்கள், விலாங்குமீனைத் தண்டிக்க அதனை நீரில் அமிழ்த்தியவர்கள் என்றெல்லாம் அவர்கள் எள்ளப்பட்டனர். இவற்றுக்கு அவ்வூர் மரபு ஒரு காரணம் கூறுகின்றது. 1199 முதல் 1216 வரை ஆண்ட யோன் மன்னன் அவ்வழியே வரவிருந்தான். மன்னன் சென்ற பாதை பொதுப்பாதையாகும் என்றும், அதனைப் பேணும் சுமை ஊரார்மேல் விழும் என்றும் அக்காலத்தார் நம்பினர். ஆகவே அரசனின் ஏவலர் வந்தபோது ஊரார் அனைவரும் பித்தர்போல் நடித்தனர். பித்தர் ஊர் வழியே செல்ல விரும்பாத அரசன் வேறு வழியே சென்றான். இது வரலாறு என்று நிறுவத்தக்கதன்று. ஆயினும் ஊரார் தம் நெஞ்சின் நோவுக்குத் தாமே கண்ட மருந்தாக இதனைக் கொள்ளலாம். கோதத்தில் வாழும் மூடரைவிட அதனைக் கடந்து செல்லும் மூடரே மிகுதி என்றும் அவர்கள் கூறிக்கொண்டனர். 1807ஆம் ஆண்டில் வாஷிங்டன் இர்விங் என்னும் அமெரிக்க எழுத்தாளர் நியூயோர்க் நகரைக் கேலி செய்ய இச்சிற்றூரின் பெயரையே அதற்குச் சூட்டினார். காலப்போக்கில் அம்மாநகர் அதனை ஒரு செல்லப்பெயராக ஏற்றுக்கொண்டது. இகழ்ச்சியைப் பெருமையாக மாற்றும் ஆற்றல் மாநகருக்கு எளிதில் வாய்க்கின்றது. சிற்றூருக்கோ கதை ஒன்றே துணை.

எல்லா ஊர்க்கும் அத்துணையும் போதியதாக அமையவில்லை. 1598ஆம் ஆண்டில் ஜெர்மானிய மொழியில் வெளிவந்த ஒரு நூல், சில்டா என்னும் ஊரார் சாளரம் வைக்க மறந்து மன்றம் கட்டிய கதையைக் கூறுகின்றது. இருளைப் போக்க அவர்கள் வெயிலைச் சாக்குகளில் நிரப்பி உள்ளே சுமந்து சென்றனராம். இக்கதைகள் யூதரின் இத்திஷ் மொழிக்குச் சென்றன. பின்னர், 19ஆம் நூற்றாண்டில், போலந்தின் கிழக்கெல்லையை அடுத்த கெல்ம் என்னும் ஊரின்மேல் இத்தகைய மூடக்கதைகள் வந்து அமர்ந்தன. அங்கும் அப்தேராவின் கதையே மீண்டது. கெல்ம், யூதர் மிகப் பழங்காலந்தொட்டு வாழ்ந்த ஊர்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் ரபி எலியாஹு போன்ற சமய அறிஞர் வாழ்ந்த கல்விப்பதி. கதை கேட்டுச் சிரித்தோர் இதனை எண்ணிப் பார்த்திலர்.

1939ஆம் ஆண்டில் கெல்ம் நகரில் ஏறத்தாழ 15,000 யூதர் இருந்தனர். ஊரின் மக்கட்டொகையில் அவர்கள் ஏறக்குறையப் பாதியினர். அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி நாற்சிப் படையினர் ஏராளமான யூத ஆடவரைச் சந்தையிடத்திற் கூட்டி, சோவியத் எல்லையை நோக்கி நடத்திச் சென்றனர். வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டோர் பலர். 1942ஆம் ஆண்டில் எஞ்சியோருட் பெரும்பாலோர் அணித்தேயிருந்த சோபிபோர் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போரின் முடிவில் உயிர் தப்பியிருந்தோர் மிகச் சிலரே.

மக்கள் மறைந்தனர், பட்டம் மறையவில்லை. கெல்ம் மூடரின் கதைகள் இன்றும் பல மொழிகளில் அச்சாகின்றன. குழந்தைகள் அவற்றைப் படித்து மகிழ்கின்றனர். 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பஷேவிஸ் சிங்கர் அக்கதைகளை அன்போடு மீட்டெழுதினார். அச்சிரிப்பிற் குற்றமில்லை. ஆனால் ஊரை அறியாது கதையை மட்டும் அறிந்தோர், கெல்ம் என்பதொன்று மெய்யாகவே இருந்ததென்பதையும் மறந்துவிடக்கூடும்.

உயிர் தப்பியோரும், முன்னரே புலம்பெயர்ந்தோரும் அம்மறதிக்கு அஞ்சினர். 1954ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவின் யொகானஸ்பேர்க் நகரில், கெல்ம் நகருக்கு ஒரு நினைவுநூல் வெளியிடப்பட்டது. தாம் வாழ்ந்த ஊரையும் தம்மொடு வாழ்ந்த மாந்தரையும் எழுத்தில் நிறுத்துவதே அதன் நோக்கம். கதையில் வரும் மூடரன்றிப் பெயரும் தொழிலும் குடும்பமும் உடைய மனிதரே அவ்வூரில் வாழ்ந்தவர்கள் என்பதற்கு அஃது ஒரு சாட்சி.

ஆற்றங்கரையில் நின்று எண்ணிய சீடன் தன்னைச் சேர்க்க மறந்தான். பிறர் ஊரில் மூடரை எண்ணப் புகுவோரின் பிழையும் அதுவே. அப்தேராவை எள்ளிய உரோமிலும், கோதத்தை நகைத்த இலண்டனிலும் மூடர் இல்லாதிருந்ததில்லை. எண்ணியவர் தம்மை விட்டு எண்ணினர், அவ்வளவே. நினைவுநூல் தொகுத்தோரும் எண்ணினர். அவர்கள் எண்ணியது, கணக்கில் விடுபட்டு ஒருவரும் மறைந்துபோகலாகாது என்பதற்காக.