ஒரு ப்ளக் போனா நாலும் போச்சு

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. போன வாரம் திருவொற்றியூர் வீட்டுல தாத்தா ஒரு பழைய கதையை எடுத்து விட்டார். சரி, தூசு தட்டிடலாம்னு உட்கார்ந்தாச்சு.

முதல்ல கொஞ்சம் டெக்னிக்கல் (பயப்படாதீங்க). டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் கிடையாது. காற்றை அழுத்துற சூட்டுலயே டீசல் பத்திக்கணும். பழைய எஞ்சின் பலதுல டீசல் நேரா சிலிண்டருக்குப் போகாது. பக்கத்துல ஒரு குட்டி அறை, அங்கதான் முதல் தீ. 1909-ல் பென்ஸ் கம்பெனியின் ப்ராஸ்பர் லோராஞ்ச் காப்புரிமை வாங்கின ஐடியா. ஆனா அந்த அறையோட சுவர் சூட்டை உறிஞ்சிடும். அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ளே ஒரு கம்பிச்சுருளைப் பழுக்க வைக்கணும். அதான் க்ளோ ப்ளக். நம்ம மெக்கானிக் பாஷையில ஹீட்டர் ப்ளக்.

1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35 டிராக்டர்ல ஸ்டாண்டர்ட் கம்பெனியோட 23சி டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், நாலு ப்ளக். காலையில கிளம்பாதுன்னு ஊரெல்லாம் கெட்ட பேர் வாங்கின எஞ்சின். அந்தக் கால ப்ளக்கெல்லாம் சீரியல் லைட் மாதிரி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. ஒண்ணு அறுந்தா நாலும் காலி. எங்க பாஷையில சொன்னா, சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்!

தாத்தாவுக்கு அப்போ 19 வயசு. ராயபுரத்துல ஒரு யார்டுல ஹெல்ப்பர். ட்ரெய்லர் இழுக்க அங்கே இதே வண்டி. ஒரு மார்கழி விடியற்காலை கிளம்பவே இல்லை. டிரைவர் ஹீட்டர் சாவியை ஆஃப் பண்ணாம பேட்டரியைத் தீர்த்துட்டான்னு மேஸ்திரி தீர்ப்பு. மூணு நாள் கூலி கட்.

"டெஸ்ட் பல்பு ஒரு ஒயரை பாடில வெச்சி, இன்னொண்ணால ஒவ்வொரு ப்ளக்கா தொட்டுப் பாத்தேன்டா. மூணாவது வரைக்கும் கரண்டு வந்துச்சு, அதத் தாண்டல. மூணாவதுதான் அவுட்டு. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு."

"மேஸ்திரிகிட்ட சொல்ல வேண்டியதுதானே தாத்தா?"

"வேலை போயிடுமேன்னு வாயத் தொறக்கல. ப்ளக்க மட்டும் மாத்திட்டேன்."

அதுக்கப்புறம் கதை மாறிடுச்சு. 1959-ல் மாஸி ஃபெர்குசன், பெர்க்கின்ஸ் கம்பெனியையே வாங்கிடுச்சு. அந்த வருஷக் கடைசியிலேயே 35-க்கு பெர்க்கின்ஸோட மூணு சிலிண்டர் எஞ்சின். டீசல் நேரா பிஸ்டன் தலைமேல பீய்ச்சுற டைப். குட்டி அறை இல்லை, சூடு வீணாகறது கம்மி, ஹீட்டர் ப்ளக்கும் இல்லை. குளிர் நாட்டுக்கு மட்டும் காற்று உள்ளே வர்ற குழாயில தெர்மோஸ்டார்ட்னு ஒரு சின்ன தீக்குச்சி வேலை. 1960-ல் மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய நம்ம செம்பியத்துல டாஃபே ஆரம்பிச்சாங்க. பெர்க்கின்ஸ் எஞ்சின் செய்யற சிம்ப்சனும் அதே செம்பியம், அதே அமால்கமேஷன்ஸ் குழுமம். நம்மூர் வயல்ல ஓடின மாஸி சாவியைத் திருப்பினதும் கிளம்பினதுக்கு வெயில் மட்டும் காரணமில்லை மக்களே.

கதையை முடிச்சுட்டு தாத்தா கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் சொன்னார்: "வண்டி அன்னிக்கே சரியாயிடுச்சுடா. அவன் கூலிதான் கடைசி வரைக்கும் வரவே இல்ல."

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்ல, என் பக் ஒண்ணுக்கு ஜூனியர் பையன் திட்டு வாங்கிட்டிருந்தான். கையைத் தூக்கிட்டேன்.