பினாங்குச் சாலைகளும் அதிர்ச்சி தாங்கியும்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளையும் கோயில்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். அதன் சாலைகளையும், அவற்றில் ஓடிய வண்டிகளின் அடிப்பாகத்தையும் கொண்டும் எழுதலாம். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றும் சிறு வேலைக்குப் பின்னும் நெடியதொரு வரலாறு உண்டு.

1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவினார். அதன்பின் அத்தீவின் சாலைகளைப் போட இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் ஏவப்பட்டனர். சென்னை மாகாணத்தவரும் அவர்களுள் இருந்தனர். அச்சாலைகளில் உருண்ட மாட்டு வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே எவ்விதத் தடுப்பும் இல்லை. கல்லில் ஏறிய சக்கரத்தின் அடி, அமர்ந்தவனின் முதுகெலும்புக்கு நேரே போய்ச் சேர்ந்தது.

வில்லின் குறை

1804-ல் ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த இவ்வில்லால் குதிரை வண்டிகளின் குலுக்கல் தணிந்தது. ஆயினும் வில்லுக்கு ஒரு குறை உண்டு. வாங்கிய அடியை அது அழிப்பதில்லை. தன்னுள் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. ஆதலின் வண்டி ஒருமுறை குழியில் இறங்கினால் பலமுறை மேலும் கீழும் ஆடும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் அவ்வாட்டம் ஓரளவு அடங்கியது. மெதுவாகச் செல்லும் குதிரை வண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டிக்குப் போதவில்லை.

இக்குறையைத் தீர்க்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் உராய்வுத் தட்டுகளைப் பொருத்தினர். பிறகு பிரெஞ்சுக்காரரான மோரீஸ் ஹூதாய் போன்றோர் எண்ணெயைப் பயன்படுத்தினர். ஓர் அடைத்த கலத்தில் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுங்கச் செய்தால் அது அசைவை எதிர்க்கும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கழியும். இன்றைய அப்சார்பரின் தத்துவமும் இதுவே.

டிராமிலிருந்து காருக்கு

ஜார்ஜ் டவுன் மக்களின் போக்குவரத்து நெடுங்காலம் பொது வண்டிகளையே நம்பியிருந்தது. 1880-களில் நீராவி டிராமும், 1906-ல் மின்சார டிராமும், 1925-ல் டிராலி பஸ்ஸும் வந்தன. 1936-ல் டிராமும் 1961-ல் டிராலி பஸ்ஸும் நின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் படிப்படியாக நடுத்தரக் குடும்பத்தின் உடைமையாயிற்று.

அக்காலத்து மலாயாவில் பெயர்பெற்ற கார்களுள் ஒன்று, 1948-ல் வெளிவந்த மோரிஸ் மைனர். அதன் அதிர்ச்சி தாங்கி குழல் வடிவினதன்று. கை போன்ற நெம்புகோல் பொருத்திய ஓர் இரும்புக் கலம். அதன் மேல் மூடியைத் திருகித் திறந்து, குறைந்த எண்ணெயை உரிமையாளரே ஊற்றி நிரப்பலாம். கசிவு அப்போதும் உண்டு. ஆனால் அது பராமரிப்புக்கு உரியதாக இருந்ததேயன்றி, பொருளின் முடிவாகக் கருதப்படவில்லை.

நிலைமையை மாற்றியது மக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் அமைப்பு. சுருள் வில்லையும் அப்சார்பரையும் ஒரே தூணாக அவர் இணைத்தார். 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கன்சல் கார் இவ்வமைப்போடு வந்தது. 1985-ல் மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகாவின் முன்சக்கரங்களிலும் இதுவே அமைந்தது. பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த 13.5 கிலோமீட்டர் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவற்றின் அப்சார்பர் ஆலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டது. எண்ணெய் கசிந்தால் ஊற்ற வழியில்லை, மாற்றவே வேண்டும்.

வீட்டில் செய்யும் வேலை

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஆயில் சீலின் தேய்வே. கடற்காற்றின் உப்பால் தண்டில் துருப்புள்ளி விழுந்தால், அது ஏறி இறங்கும்போதெல்லாம் சீலின் விளிம்பை அறுக்கும். எண்ணெய் குறைந்த அப்சார்பரால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரமும் நீளும். ஆதலின் இது வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

தனிக் குழலாக உள்ள அப்சார்பரை மாற்றுவது எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் அடியில் புகுதல் ஆகாது. பின்பு மேல் நட்டும் கீழ்ப் போல்ட்டும் கழன்றால் வேலை பாதி முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் ஓர் அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது முறை; இல்லையேல் இரு பக்கமும் ஒரே சீராக ஆட்டத்தை அடக்கா.

மக்பெர்சன் தூண் அவ்வளவு எளிதன்று. அதன் வில் அமுங்கிய நிலையில் பெரும் விசையை அடக்கிவைத்திருக்கிறது. வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியைப் பூட்டாமல் உச்சி நட்டைக் கழற்றினால், வில் தெறித்து ஆளையே கொல்லக்கூடும். தக்க கருவியும் பழக்கமும் இல்லாதவர் இதைப் பட்டறைக்கு விடுவதே அறிவுடைமை. வேலை முடிந்தபின் சக்கரங்களின் நேர்மையையும் சரிபார்க்க வேண்டும்.

ரப்பரின் பங்கு

அதிர்ச்சி தாங்கியின் இரு முனைகளிலும் ரப்பர் புஷ்கள் உள்ளன. மலாயாவில் அந்த ரப்பரை மரங்களிலிருந்து வடித்தவர்களுள் பெருந்தொகையினர், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குத் துறைக்குக் கப்பலேறி வந்த தமிழர். 2014-ல் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலத்தின் அடியிலும், நில அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பர்த் தாங்கிகளே வைக்கப்பட்டுள்ளன.

சாலையைப் போட்டவரும் ரப்பரை வடித்தவரும் பாலத்தின் பெயர்ப்பலகையில் இடம்பெறுவதில்லை. ஆயினும் அத்தீவில் குலுங்காமல் செல்லும் ஒவ்வொரு பயணத்திலும் அவர்தம் உழைப்பு கலந்திருக்கிறது.