எதிரிக்குப் புரியாத நவாஹோ மொழி

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரால் கடைசிவரை அவிழ்க்க முடியாத சங்கேதத்துக்கு அடிப்படையாக இருந்தது, அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் தாய்மொழி. 1942இல் அந்தச் சங்கேதத்தை 29 நவாஹோ இளைஞர்கள் உருவாக்கினர். அதில் ஆமை என்றால் டாங்கி. உருளைக்கிழங்கு என்றால் கைக்குண்டு. 1945இல் இவோ ஜிமா சண்டையின் முதல் இரு நாட்களில் ஆறு பேர் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிப் பரிமாறினர்.

இதே மொழியைப் பேசியதற்காகத்தான் அரச விடுதிப் பாடசாலைகளில் நவாஹோ சிறுவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். போரில் வென்று திரும்பியவர்களுக்கும் அரிசோனா, நியூ மெக்சிக்கோ மாநிலங்களில் 1948 வரை வாக்குரிமை இல்லை.

அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், டிக்கோயா உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் தேயிலை வளர்த்த தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நவாஹோ வீரர்களின் இரகசியம் 1968இல் வெளியிடப்பட்டு, 2001இல் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மலையகத்தில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.