மீனாட்சி அம்மாளும் மலையக மேடையும்

இன்றைய ஊடகப் பிரபலங்கள் முகத்தால் அறியப்படுகின்றனர் என்றால், 1930களில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் குரலால் அறியப்பட்டார். 'தேசபக்தன்' இதழ்ப் பணியில் கணவருக்குத் தோள்கொடுத்த அவர், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு உருவான அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தின் கூட்டங்களில், பேச்சுக்கு முன் பாடியே மக்களைத் திரட்டினார். தொழிலாளர் வாழ்ந்த வரிசை அறைகளான லயங்களில் எழுத்தறிந்தோர் குறைவு என்பதால், ஆள்திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கெடுபிடியையும் 'துரை' எனப்பட்ட வெள்ளை அதிகாரியின் கண்டிப்பையும் பற்றிய பேச்சு, அச்சைவிட மெட்டின் வழியே எளிதாகப் பரவியது. அவையும் தொழிலாளர் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளே. நடேசய்யருக்குக் கிடைத்த பக்கங்களில் சிறு பங்கையும் வரலாற்றாசிரியர்கள் மீனாட்சி அம்மாளுக்கு ஒதுக்காதது ஓரவஞ்சனைதான். 1940இல் அவர் மேடைகளில் பாடிய பாடல்கள் சிறுநூலாக அச்சேறின.