தாத்தாவோட டிரங்குப் பெட்டி

போன பொங்கலுக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். பட்டுப்புடவை, கோயில்னு எழுதுவேன்னு எதிர்பார்த்தா மன்னிச்சுக்குங்க மக்களே, இது நிலத்தைப் பத்தின பதிவு.

என் கல்லூரி நண்பனோட அப்பா, முப்பது வருஷம் கூலிக்குத் தறி நெய்தவர். பேச்சுவாக்குல டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதம் எடுத்தார். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சிருந்தது. அவரோட தாத்தா பேர்ல அரசாங்கம் கொடுத்த நிலத்துக்கான ஒப்படை. நிலத்துல இப்போ வேற யாரோ பயிர் வைக்கிறாங்க.

"எப்படி போச்சு அப்பா?"

"தாத்தா செத்தாரு, எங்கப்பாவும் செத்தாரு. யாரு பேரு மாத்தினா? பட்டா அப்படியே கிடந்துச்சு."

இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. காஞ்சிபுரம் அன்னைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்தது. அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், 1891-ல் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, கடனுக்குப் பண்ணையாளா உழைக்கிறாங்க, நிலம் கிடைச்சால்தான் விடிவுன்னு அதில் சொன்னார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். தாலுகா அலுவலகப் பேச்சுல 'டி.சி. நிலம்'.

நிபந்தனையும் உண்டு. முதல் பத்து வருஷம் விற்கவோ, தானம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதுக்கப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டும்தான் விற்கலாம். மீறினால் அரசே திரும்ப எடுத்துக்கலாம். ஆக, இந்த நிலம் வாரிசுக்குப் போகணும்கிறதுதான் நோக்கமே!

ஆனா கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறியது நிறைய. 1980-களில் வருவாய்ப் பதிவேடுகளைப் புதுப்பிச்சப்போ, அனுபவத்துல இருந்தவங்க பேரே பல இடங்கள்ல ஏறிடுச்சு. டேட்டாபேஸ்ல பழைய ரெக்கார்டை நாம அப்டேட் பண்ணலைன்னா வேற ஒருத்தன் பண்ணிடுவான், அதே கதைதான். 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனாங்க. ஒரு பேர் மாத்தத்துக்கு உயிர் விலை.

சரி, என்ன செய்யலாம்? ஒருத்தர் இறந்ததும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி பட்டாவில் பேர் மாத்திடணும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாம இறந்தவரோட சொத்துல மகன், மகள், மனைவி, தாய் எல்லாருக்கும் சமபங்கு. உயில் எழுதறதா இருந்தா ரெண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனா நல்லது.

இறந்து ரெண்டு தலைமுறை ஆயிட்டா கோர்ட்டு வரைக்கும் போகவேண்டி வரலாம். அதுக்கும் வழி இருக்கு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ல் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கு. அதன் 12-வது பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்துல கேட்கலாம், 15100-க்குப் போன் போடலாம்.

இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். "வக்கீலுக்கு எவ்ளோ ஆகும் தம்பி?"ன்னார்.

"ஒண்ணும் ஆகாது அப்பா, சட்டமே அப்படித்தான்."

அவர் நம்பலை. நூறு வருஷமா சட்டம் அவங்க பக்கம்தான் இருந்திருக்கு, எப்படி நம்புவார்? காகிதத்தை ஸ்கேன் பண்ணிட்டு வந்திருக்கேன். அடுத்த மாசம் நண்பனும் நானும் அவரைக் கூட்டிட்டுப் போறோம்.