மூன்றாவது சகோதரி: ஒரு குடும்ப வரலாற்றுத் தேடல்

ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 'யார் யாருக்கு வாரிசு' என்னும் கேள்வி வெறும் ஓய்வுநேர ஆர்வத்திற்கு உரியதன்று. பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டம் ஒன்றிற்காக 1990களின் பிற்பகுதியிலிருந்து இப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டுத் தொகை குறித்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. திட்டமோ நிறைவேறவில்லை, நிலங்களை உரியவர்களிடமே திருப்பி அளிப்பதெனப் பின்னர் அரசு முடிவு செய்தது. எடுத்தபோதும் சரி, திருப்பித் தர முன்வந்தபோதும் சரி, மக்கள் தேடி அலைந்தது வாரிசுச் சான்றைத்தான். பட்டாவில் இன்னும் பாட்டனார் பெயரே நிற்கும் குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம்.

நானும் அவ்வழியாகவே இத்தேடலுக்குள் வந்தேன். எங்கள் குடும்பத்துப் புன்செய் நிலம் ஒன்று பாட்டனார் பெயரில் இருந்தது. அதற்காகப் பழைய பத்திரங்களைத் திரட்டத் தொடங்கியவன், நிலத்தின் காரியம் ஒருபுறமிருக்க, பத்திரங்களில் வரும் மனிதர்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். அலுவலகம் முடிந்த மாலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்குப் போயின. வீட்டில் இதை 'செத்தவர்களோடு சகவாசம்' என்றார்கள்.

நம் மரபில் இத்துறை புதிதன்று. வம்சாவளியியலுக்கு 'இல்முல் அன்ஸாப்' என்றே பெயரிட்டுத் தனிக் கலையாக வளர்த்தவர்கள் முஸ்லிம் அறிஞர்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் குறைஷியரின் குல மரபுகளை நன்கறிந்தவர் என்பது யாவரும் அறிந்தது. உமர் (ரலி) அவர்கள் 'திவான்' என்னும் உதவித்தொகைப் பதிவேட்டை நிறுவியபோது, அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூன்று வம்சாவளி வல்லுநர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார். பின்னர் இப்னுல் கல்பி, பலாதுரீ, இப்னு ஹஸ்ம், சம்ஆனீ எனப் பலர் இத்துறையில் பெருநூல்கள் யாத்தனர்.

ஆயினும் இக்கலையின் எல்லையும் அப்போதே வகுக்கப்பட்டுவிட்டது. உறவைப் பேணுவதற்கு வேண்டிய அளவு வம்சாவளியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உள்ளது. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பதும், மேன்மை இறையச்சத்தால் வருவதே என்பதும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. அறிந்துகொள்ளவும் உறவைப் பேணவும் வம்சாவளி வேண்டும். பெருமை கொள்ள அன்று. இந்த வேறுபாடு ஏட்டளவில் எளிது. நம் வீட்டுப் பழைய காகிதங்களின் முன் அமரும்போதுதான் அது எவ்வளவு கடினமானது என்று தெரிகிறது.

எங்கள் குடும்பத்தில் வாய்மொழியாக ஒரு பட்டியல் உண்டு. பாட்டனாரிலிருந்து மேல்நோக்கி ஒன்பது பெயர்கள். ஒன்பதாமவர் பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து குதிரைகளோடு வந்திறங்கியவராம். குதிரை வணிகம் பொய்யன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவிலிருந்து மஅபர் கரைக்கு ஆண்டுதோறும் குதிரைகள் வந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் பயணி மார்க்கோ போலோவும் எழுதியுள்ளனர். ஆனால் வணிகம் நடந்தது என்பதும் அவ்வணிகர் நம் மூதாதை என்பதும் வெவ்வேறு செய்திகள். இங்கே எனக்குக் கைகொடுத்தவர் இப்னு கல்தூன் (1332–1406). ஒரு நூற்றாண்டுக்கு மூன்று தலைமுறை என்று எண்ணிப் பார்த்து வம்சாவளிப் பட்டியல்களைச் சோதிக்கலாம் என்று தம் முகத்திமாவில் அவர் வழிகாட்டுகிறார். அவ்வாறு எண்ணினால் ஒன்பது பெயர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கே போதும். பாண்டியர் காலம்வரை செல்ல இருபது பெயர்களேனும் வேண்டும். எஞ்சிய பதினொருவர் எங்கே?

இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அதைத் தலைநகராக்கிய இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகின்றன. பேரரசர்களுக்கே அத்தகைய ஆசை இருந்தபோது, ஒரு குதிரை வணிகரோடு நின்றுகொண்ட எங்கள் முன்னோர் அடக்கமானவர்கள் என்றே சொல்ல வேண்டும். (அப்பேரரசின் கோயில் மதிற்சுவரைப் பெயர்த்த கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப் போயின. கல்லில் வெட்டியதற்கே அந்தக் கதியென்றால் தகரப் பெட்டியில் வைத்த காகிதத்தைப் பற்றி என்ன சொல்வது?)

ஆசை தேடலை எவ்விடத்திற்கு இழுத்துச் செல்லும் என்பதற்கு உலகறிந்த சான்று அலெக்ஸ் ஹேலி. 1976இல் வெளிவந்த 'ரூட்ஸ்' நூலில், அமெரிக்காவுக்கு அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்ட தம் மூதாதை குந்தா கிந்தே என்னும் மாண்டிங்கா முஸ்லிமைக் காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தில் கண்டடைந்ததாக அவர் எழுதினார். அக்கிராமத்து முதியவர் ஒருவர் ஒப்புவித்த வம்சக் கதையே முதன்மைச் சான்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே பத்திரிகையாளரும் வரலாற்றாய்வாளரும் அச்சான்றைக் கேள்விக்குள்ளாக்கினர். அம்முதியவர் மரபுவழிக் கதைசொல்லி அல்லர் என்பதும், தேடி வந்தவர் எதிர்பார்த்தது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதும் அவர்கள் கூறிய குறைகள். அந்நூல் கோடிக்கணக்கானோருக்குத் தன்மானம் அளித்தது; அது வேறு. நாம் கேட்க விரும்புவதையே முதியவர்கள் நமக்குச் சொல்லிவிடுவார்கள் என்பது என் போன்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எங்கள் தகரப் பெட்டியிலும் ஒரு ஜுஃபுரே இருந்தது. பாட்டனாரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக நம்பப்பட்ட ஐம்பது ரூபாய்க் கடன் பத்திரம் அது. தேதி, 'பிரபவ வருஷம் ஆனி மாதம்' என்று மட்டும். பிரபவ என்றால் 1867 என்று பெரியத்தா கணக்கிட்டு வைத்திருந்தார்; எங்கள் குடும்பத்தின் மிகப் பழைய ஆவணம் என்ற பெருமை அதற்கு. ஆனால் அறுபது ஆண்டுச் சக்கரத்தில் பிரபவ 1927இலும் வரும். முத்திரைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 1867 என்றால் விக்டோரியா அரசியின் தலை இருக்க வேண்டும். இருந்ததோ தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ். கடன் வாங்கியவர் பாட்டனாரின் பாட்டனார் அல்லர். அவர் பெயரையே சூட்டிக்கொண்ட என் பாட்டனார். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் நம் வழக்கமும் அறுபது ஆண்டுச் சக்கரமும் சேர்ந்து ஒருவர் செய்த செயலை மற்றவர் கணக்கில் ஏற்றிவிட்டன. குடும்பத்தின் பழமை ஒரே மாலையில் அறுபது ஆண்டு குறைந்தது. பெரியத்தா என்னோடு சில நாள் பேசவில்லை.

இத்தகைய ஆவணங்களைப் படிப்பதற்கென்று ஒரு பயிற்சி வேண்டும். கிஸ்தி ரசீதுகளில் பசலி ஆண்டு இருக்கும். அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1317 என்பது 1907 ஜூலையில் தொடங்கியது. மீஸான் கற்களில் ஹிஜ்ரி ஆண்டு. சந்திர ஆண்டுக் கணக்கில் எழுபது வயது என்பது சூரிய ஆண்டுக் கணக்கில் அறுபத்தெட்டுக்குச் சற்றுக் குறைவு.

எந்த ஆவணத்தை எங்கே தேடுவது என்பதும் எங்கள் பகுதியில் எளிதன்று. 1995வரை ஜெயங்கொண்டம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டத்திற்கு வந்தது. 2001இல் அரியலூர் மாவட்டம். 2002இல் மீண்டும் பெரம்பலூர். 2007இல் திரும்பவும் அரியலூர். அதற்கும் முன் உடையார்பாளையம் ஜமீன். ஜமீன் கிராமங்களில் குடியானவர் பட்டா பெற்றதும் முச்சிலிக்கா எழுதிக் கொடுத்ததும் ஜமீன்தாரிடமே. சர்க்கார் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயத்துவாரிப் பதிவேடுகளைப் புரட்டி நிலமுடையார் பெயரைக் காணும் வாய்ப்பு ஜமீன் குடிகளின் பேரர்களுக்கு இல்லை. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திற்குப் பிறகே அரசுக் கணக்கில் நம்மவர் பெயர் நேராக ஏறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது. அமெரிக்காவில் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின் கணக்கெடுப்புத் தாள்களைப் பெயரோடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் திறக்கப்பட்டன. இந்தியாவில் நமக்குக் கிடைப்பவை தொகைகள் மட்டுமே.

எஞ்சுவது சார்பதிவாளர் அலுவலகம். 1864இல் தொடங்கிய பதிவுச் சட்டங்களின் பயனாக, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துப் பரிமாற்றங்கள் பதிவாயின. அதற்குக் கீழே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் அப்புத்தகங்களுக்கு வெளியே நின்றுவிட்டனர். நல்வாய்ப்பாக, என் பாட்டனாரின் தந்தை 1894இல் வாங்கிய நிலத்தின் கிரையப் பத்திரம் கிடைத்தது. அதில் 'இன்னார் ராவுத்தர் குமாரர்' என்று தந்தை பெயர் இருந்தது. அத்துடன் சரி. அதற்கு மேலுள்ள பெயர்களுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்த ராவுத்தரின் தந்தை அரபு வணிகர் வழியினராகவும் இருக்கலாம். இதே செம்மண்ணில் ஏர் பிடித்து, பின் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தவராகவும் இருக்கலாம். இரண்டாவதே நடந்திருக்கக்கூடியது என்பது என் எண்ணம். அதைச் சொல்வதால் எந்தச் சிறப்பும் குறைந்துவிடாது.

ஆனால் நான் எழுத வந்தது இதுவன்று.

மேலே சொன்ன ஒன்பது பெயர்ப் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை. எங்கள் குடும்பம் மட்டும் அப்படி என்று எண்ண வேண்டாம். தங்கள் வீட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிக்காஹ் தஃப்தரில் மணமகள் 'இன்னாரின் மகள்' என்று தந்தையின் பெயரோடு வருகிறாள். அவளுடைய தாயின் பெயரைக் காணோம். உமர் (ரலி) அவர்களின் திவானில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே தொகை எழுதப்பட்டது. இப்னு சஅத் தம் தபகாத்தின் இறுதிப் பகுதி முழுவதையும் பெண்களுக்கே ஒதுக்கினார். வாரிசுரிமைக் கணக்கான ஃபராயிளோ, மனைவி, மகள், தாய், சகோதரி என்று பெண்களை எண்ணாமல் ஒரு வரிகூட நகர முடியாத கலை. இத்தகைய மரபுக்கு உரியவர்கள் பெண்களில்லாத வம்சாவளியை எப்படி எழுதினோம்?

விடை 1941ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் ஒன்றில் கிடைத்தது. பெயர் அட்டவணையில் பாட்டனாரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது அது எதிர்ப்பட்டது. தந்தை காலமானபின் அவருடைய புன்செய் நிலத்தில் தங்களுக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லையென்று மூன்று சகோதரிகள் என் பாட்டனாருக்கு எழுதிக் கொடுத்தது. மூன்று பெயர்கள், மூன்று இடதுகைப் பெருவிரல் ரேகைகள். இருவரை எங்களுக்குத் தெரியும். மூன்றாமவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒருபோதும் பேசியதில்லை. அப்படி ஒருவர் இருந்ததே என் அத்தாவுக்கு நினைவில்லை. உரிமையை விட்டுக்கொடுத்த தாள் ஒன்றே அவர் வாழ்ந்ததற்கு எங்களிடம் எஞ்சிய சான்று.

காலத்தையும் கருத வேண்டும். பெண்களை விலக்கும் குல வழக்கம் உண்டா என்னும் கேள்வியோடு ராவுத்தர் குடும்ப வழக்கொன்று 1922இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றிருக்கிறது. ஷரீஅத்திற்கு மாறான வழக்கம் இருக்கக்கூடும். ஆனால் அதைச் சொல்பவர் நிரூபிக்க வேண்டும் என்பது நீதிபதிகள் கொண்ட நிலை. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வழக்கங்களை அகற்ற வந்தது. எனினும் வேளாண் நிலம் அதற்குப் புறம்பாக வைக்கப்பட்டது. மதராஸ் மாகாணத்தில் அக்குறையை நீக்கும் திருத்தம் 1949இல்தான் வந்தது. ஆகவே 1941இல் எழுதிய அந்தப் பத்திரம் நாட்டுச் சட்டப்படி செல்லும். ஒரு வாரிசு மனமொப்பி, பதிலாக ஏதேனும் பெற்றுக்கொண்டு தம் பங்கிலிருந்து விலகுவதை ஃபிக்ஹும் 'தகாருஜ்' என்ற பெயரில் ஏற்கிறது. மனமொப்பினார்களா என்பதைப் பெருவிரல் ரேகை சொல்லாது.

அத்தாவிடம் நகலைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பாதே" என்றார். அவர் அஞ்சியது நிலத்திற்காக என்று முதலில் எண்ணினேன். பிறகுதான், தம் தந்தையின் நற்பெயருக்காக அஞ்சினார் என்று விளங்கியது. பொழுதுபோக்காகக் குடும்ப வரலாறு தேடுவோர் எவரும் ஒருநாள் இவ்விடத்தில் வந்து நிற்பார்கள். குதிரை வணிகரைப் பற்றிய ஐயம் யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. ஏக்கர்க் கணக்கு அப்படியன்று.

பத்திரத்தில் மூன்றாமவரின் கணவர் பெயரும் ஊரும் இருந்தன. அவ்வூர் வெள்ளாற்றங்கரைப் பக்கம். அங்குள்ள பள்ளிவாசலில் விசாரித்து, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகன்வழிப் பேரனைக் கண்டுகொண்டேன். என்னைவிட மூத்தவர். தம் நன்னியின் பிறந்தவீடு ஜெயங்கொண்டம் பக்கம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அங்கிருந்து ஒருவரும் வந்ததில்லை. நன்னி 1958இல் மவுத்தானதாகவும் நான்கு மக்கள் என்றும் சொன்னார். நான் கொண்டுபோன தாளில் அந்தக் கிளையை எழுதத் தொடங்கினோம். லுஹர் பாங்கு சொல்லும்போது நாற்பத்தொரு பெயர்கள் ஆகியிருந்தன. எங்கள் கிளையைவிடப் பெரியது.

பத்திரத்தின் நகலை அவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"எவ்வளவு கொடுத்ததாக எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"தொகை ஒன்றும் இல்லை அண்ணே. கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறது."

அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். நானும் உடன் சென்றேன்.